சர்வதேசச் சட்டத்தின் யோக்கியதை

வன்னியம்பட்டி ரோட்டோரத்து டீக்கடை ஒன்றில் ஒரு நாள் மாலை இரண்டு தோழர்கள் வாதாடிக் கொண்டிருந்ததைக் கேட்க நேர்ந்தது. ஒருவர் மில் தொழிலாளி, மற்றவர் விவசாயி. பேச்சு இலங்கையில் நடந்த யுத்தத்தைப் பற்றியது. மில் தோழர், "ஐ.நா. சபை இருக்கிறது, சர்வதேசச் சட்டம் இருக்கிறது, என்றைக்காவது நியாயம் கிடைத்தே தீரும்" என்றார். விவசாயத் தோழரோ, "சட்டமாவது கிட்டமாவது! வலுத்தவன் வைத்ததுதான் சட்டம். அதைப் பற்றிப் பேசுவதே வீண் வேலை" என்றார். கேட்டுக் கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறு பக்கமுமாகச் சேர்ந்து கொண்டார்கள்.

நம்மைப் பொறுத்தவரை இந்த இரண்டு அபிப்பிராயங்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான் என்று சொல்லுவோம். முன்னது, "சாமி பார்த்துக் கொள்ளும்" என்பது போன்றது. பின்னது, "எல்லாம் தலைவிதி" என்பது போன்றது. இரண்டில் எதை நம்பினாலும் மனிதன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுமில்லாமற் போய்விடுகின்றது. ஆதலால் இந்தச் சர்வதேசச் சட்டம் என்பது யார் செய்தது, அதன் யோக்கியதை என்ன, அது ஏன் வேலை செய்யவில்லை, அதில் நமக்குள்ள பொறுப்பு என்ன என்பவைகளைக் கொஞ்சம் நிதானமாய் யோசித்துப் பார்க்க வேண்டியது அவசியமாகின்றது.

இதை ஏதோ கடல் கடந்த சங்கதி என்று வாசகர்கள் தள்ளிவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மொட்டமலையிலேயே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கின்றது. இத்தகைய முகாம்களுக்கு "அகதிகள் முகாம்" என்றிருந்த பெயரைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021இல் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் முகாம்களிலேயே பிறந்து, நம் பள்ளிக்கூடங்களிலேயே படித்து, நம் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த பிள்ளைகளில் அநேகரை, "நீ எந்தத் தேசத்துப் பிரஜை?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். யுத்தம் எங்கே நடந்தாலும் அதன் மிச்சம் நம் ஊர் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

முதலாவது, இந்தச் சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1859ஆம் வருஷம் ஜூன் மாதம் 24ஆம் தேதி இத்தாலி தேசத்தில் சோல்ஃபெரீனோ என்னும் இடத்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. பிரெஞ்சு சக்கரவர்த்தியைப் பார்த்துத் தன் வியாபார விஷயமாய்ப் பேச வந்த ஹென்றி துனான் என்னும் ஜெனீவா நகரத்து வியாபாரி, சண்டை முடிந்த களத்தைக் கண்ணால் கண்டார். காயம்பட்டவர்கள் தண்ணீருக்கும் கட்டுத்துணிக்கும் ஆளில்லாமல் ஆயிரக்கணக்கில் கிடந்து சாவதைப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் கொண்டு, எந்த ராஜாவின் சிப்பாய் என்று பாராமல் கட்டுப் போட்டார். ஊர் திரும்பி அதைப் புத்தகமாய் எழுதினார். அதன் பலனாக 1864இல் ஜெனீவாவில் 12 ராஜ்யங்கள் கூடி முதல் ஒப்பந்தம் செய்தன. அது வளர்ந்து, இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு 1949ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களாக முடிந்தது. அதாவது மனிதன் பட்ட கஷ்டத்தைப் பார்த்து மனிதனே செய்த சட்டம் இது. மனிதன் செய்தது என்பதினாலேயே அதில் குறை இருந்தால் எடுத்துச் சொல்லவும் திருத்தவும் மனிதனுக்கு உரிமை உண்டு.

இச்சட்டத்தின் சாரத்தைப் படிக்காதவரும் புரிந்து கொள்ளலாம். சண்டை போடுகிறவனைத்தான் அடிக்கலாம். சண்டையில் சேராதவனை அடிக்கக் கூடாது. ஆயுதத்தைக் கீழே போட்டவனையும் கைதியானவனையும் கொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியைக் காக்க வேண்டும். எதிரியை அடிப்பதில் கிடைக்கும் லாபத்துக்கு மிஞ்சி ஜனங்களுக்குச் சேதம் வரும் என்று தெரிந்தால் அந்த அடியை நிறுத்த வேண்டும். இரண்டு தேசங்களுக்கிடையே நடக்கும் சண்டைக்கு மட்டுமல்ல, ஒரே தேசத்துக்குள் நடக்கும் சண்டைக்கும் குறைந்தபட்ச விதிகள் உண்டு என்று அந்த நான்கு ஒப்பந்தங்களிலும் பொதுவாக உள்ள மூன்றாவது ஷரத்து கூறுகின்றது. எல்லாவற்றிலும் முக்கியமானது, எதிரி விதியை மீறினான் என்பது நாம் மீறுவதற்குச் சமாதானமாகாது என்பதாகும். ஏனெனில் செத்துப் போகிறவன் எதிரியுமல்ல, நாமுமல்ல. நடுவில் அகப்பட்டுக் கொண்ட குடியானவன்.

இனி, 2009இல் இலங்கையில் வன்னியில் நடந்ததென்ன? ஜனவரி மாதம் முதல் அந்நாட்டுச் சர்க்கார் "சுடாப் பிரதேசம்" என்று ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்து, ஜனங்களை அங்கே போகச் சொன்னது. போன பிறகு அந்த இடங்களிலேயே குண்டுகள் விழுந்தன. ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கையானது, சுடாப் பிரதேசங்கள்மீதும், ஆஸ்பத்திரிகள்மீதும், உணவுக்காக வரிசையில் நின்ற இடங்களிலும் சர்க்கார் படை குண்டு வீசியதென்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இருப்பதாகச் சொல்லுகிறது. கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றும் கூறுகிறது. கொழும்புச் சர்க்காரோ பொதுஜனங்களில் ஒருவருக்கும் சேதம் வராத கொள்கையே தங்களுடையது என்று சொல்லி வந்தது.

இதற்குப் பெரிய வக்கீல் வாதம் வேண்டியதில்லை. சாதாரணக் கணக்குப் போதும். 2009 பிப்ரவரி வாக்கில் அங்கே சிக்கியிருக்கும் ஜனங்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அச்சர்க்கார் சொல்லிற்று. யுத்தம் முடிந்த பிறகு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர். எழுபதினாயிரம் பேர் எப்படி மூன்று லட்சமாவார்கள்? ஆகவே கணக்குப் பிசகு தற்செயலானதல்ல. ஆளைக் குறைத்துச் சொன்னால் அனுப்ப வேண்டிய அரிசியும் மருந்தும் குறையும். செத்தவர்களை எண்ணுவோரின் வாயும் அடைபடும்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதே அறிக்கை விடுதலைப் புலிகளைப் பற்றியும் கூறுகிறது. ஜனங்களை வெளியேற விடாமல் தடுத்துத் தங்களுக்கு அரணாக வைத்துக் கொண்டதையும், தப்பி ஓட முயன்றவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததையும் அது எடுத்துக் காட்டுகிறது. அதற்கு முன்பே, 1990 ஆகஸ்டில் காத்தான்குடி மசூதிகளில் தொழுது கொண்டிருந்த முஸ்லிம்களில் 100 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய அனைவரும் புலிகளால் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டார்கள். "நம்மவர் செய்ததைப் பேசலாமா?" என்று சில தோழர்கள் கோபித்துக் கொள்ளக் கூடும். நாம் கேட்கிறோம்: செய்த ஆளைப் பார்த்துக் குற்றத்தை நிர்ணயிப்பதானால், சிங்களவர் தங்களவரை மறைப்பதை நாம் எந்த வாயினால் கண்டிப்பது? ஒரே குற்றத்துக்கு ஜாதிக்கொரு தண்டனை எழுதி வைத்த மனுதர்மத்தை நாம் எதிர்ப்பது எதற்காக? இங்கே எதிர்த்துவிட்டு அங்கே ஏற்றுக் கொள்வது பகுத்தறிவாகுமா?

நிற்க, கொழும்பில் சொல்லப்படும் பெரிய சமாதானம், "இது எங்கள் உள்நாட்டு விஷயம், பிறர் தலையிட உரிமை இல்லை" என்பதாகும். ஐ.நா. சாசனத்தின் இரண்டாவது ஷரத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அச்சாசனம் ஒரு தேசம் மற்றொரு தேசத்தின்மீது பலாத்காரம் செய்யக் கூடாது என்றும், உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் சொல்வது மெய்தான். சின்ன தேசங்களை வல்லரசுகள் விழுங்காமலிருக்க அந்த விதி அவசியமென்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி யாருக்காக? தேசத்து ஜனங்களுக்காகவா, தேசத்தை ஆளுகிறவனுக்காகவா? குடித்துவிட்டு வந்து பெண்சாதியைப் போட்டு அடிக்கிறவன், "இது என் வீட்டு விஷயம், நீ யார் கேட்க?" என்று கதவைச் சாத்திக் கொள்வதை நாம் ஒப்புக் கொள்ளுகிறோமா? ஐ.நா.வின் எல்லா ராஜ்யங்களும் 2005இல் நியூயார்க்கில் கூடி, தன் ஜனங்களை மொத்தக் கொலையினின்று காப்பது ஒவ்வொரு ராஜ்யத்தின் பொறுப்பு என்றும், அது தவறினால் உலகத்துக்கும் பொறுப்புண்டு என்றும் ஒப்புக் கொண்டன. நாலே வருஷத்தில் வன்னியில் அந்தப் பொறுப்பு என்னவாயிற்று? 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். பாதுகாப்புச் சபையோ இந்த யுத்தத்தைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் ஒரு நாளும் சேர்த்துக் கொள்ளவில்லை. ஐ.நா.வின் உள்விசாரணையே 2012இல் தங்கள் ஸ்தாபனம் கடமையில் தவறிற்று என்று ஒப்புக் கொண்டது.

ஏன் இப்படி நடக்கிறது? ஓர் ஊர்ப் பஞ்சாயத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த ஊரில் ஐந்து பெரிய மிராசுதாரர்கள். எந்தத் தீர்ப்பையும் அவர்களில் ஒருவர் "வேண்டாம்" என்றால் மற்ற எல்லோரும் சரி என்றாலும் அது செல்லாது. பிராது ஒரு மிராசுதாரர்மீதே வந்தால் தீர்ப்பு என்னவாகும்? அவருக்கு வேண்டிய ஆள்மீது வந்தால்தான் என்னவாகும்? ஐ.நா. பாதுகாப்புச் சபையின் கதை இதுவே. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்சு ஆகிய ஐந்துக்கும் தடுப்பு ஓட்டு உண்டு. நிகராகுவா விஷயத்தில் உலக நீதிமன்றம் 1986இல் அமெரிக்காவுக்கு விரோதமாய்த் தீர்ப்புச் சொல்லிற்று. அதை நிறைவேற்றச் சொல்லும் தீர்மானத்தை அமெரிக்காவே தடுத்துவிட்டது. 2022இல் உக்ரேன்மீது படையெடுத்ததைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யாவே தடுத்துவிட்டது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023இல் ரஷ்ய ஜனாதிபதிமீது வாரண்டு பிறப்பித்தபோது அது நியாயம் என்று சொன்ன அமெரிக்கா, 2024இல் காசா விஷயமாக இஸ்ரேல் பிரதம மந்திரிமீது வாரண்டு பிறந்தபோது அதே கோர்ட்டைத் தூற்றிற்று. இவர்களுக்குச் சட்டம் தராசு அல்ல. பக்கத்து வீட்டுக்காரனை அடிக்கும் தடி.

இந்த ஏற்றத்தாழ்வு பிறவியிலேயே வந்தது. ஜெர்மன் தலைவர்களை விசாரிக்கும் நூரம்பர்க் கோர்ட்டுக்கான சாசனம் 1945ஆம் வருஷம் ஆகஸ்டு 8ஆம் தேதி லண்டனில் கையெழுத்தாயிற்று. ஆகஸ்டு 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. 9ஆம் தேதி நாகசாகியில் விழுந்தது. இரண்டு குண்டுகளுக்கும் நடுவிலே உட்கார்ந்து யுத்த தர்மம் எழுதினார்கள்! நூரம்பர்க்கில் தண்டிக்கப்பட்டவர்கள் மகா பாதகர்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜெயித்தவனை யார் விசாரித்தார்கள்?

பிறரைச் சொல்லிவிட்டு நம் சொந்த வீட்டைப் பாராமலிருப்பது யோக்கியமாகாது. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் நம் நாட்டுக்குள் வந்தபோது, இந்தியப் படை சென்றது, பெருங்கொலை நின்றது, பங்களாதேஷ் பிறந்தது. அதைப் பெருமையாய்ச் சொல்லுகிறோம். 1987 ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் அரிசி பருப்பு மூட்டைகளைப் போட்டன; தமிழ்நாடே கை தட்டிற்று. ஜூலை 29ஆம் தேதி ஒப்பந்தமாகி "அமைதிப்படை" என்ற பெயரோடு ராணுவம் சென்றது. அக்டோபரில் அதே படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. அம்மாதம் 21ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் ஊழியர்களுமாக 60 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டதால் நேர்ந்தது என்று இந்தியத் தரப்பில் சொல்லப்பட்டது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தப் படையிலும் ஏறத்தாழ 1,200 சிப்பாய்கள், ஏழைகளின் பிள்ளைகள், அந்நிய மண்ணில் உயிர் விட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியது. இன்று வரை பகிரங்கமான நீதி விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. கொழும்புச் சர்க்காரைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில் குண்டு போட்டாயே, விசாரணை எங்கே?" என்று கேட்கிற நாம், டில்லிச் சர்க்காரைப் பார்த்து அதையே கேட்க வேண்டாமா?

இந்த அனுபவத்திலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. ஒரு தேசத்தின் படை மற்றொரு தேசத்துக்குள் போவது நல்லதா கெட்டதா என்பதை அதன் பெயரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. "அமைதி" என்றும், "ஜனங்களைக் காத்தல்" என்றும் எல்லாப் படையும்தான் சொல்லும். 2011இல் லிபியாவில் ஜனங்களைக் காக்க என்று பாதுகாப்புச் சபையின் அனுமதியோடேயே குண்டு போட்டார்கள். ஆட்சி கவிழ்ந்தது, பிறகு அத்தேசத்தில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. படை போகும்போது, யாருக்காகப் போகிறதோ அந்த ஜனங்களைக் கேட்டார்களா, தவறு நேர்ந்தால் யாருக்குப் பதில் சொல்லுவார்கள், எப்போது திரும்புவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தப் படையை நம்பக் கூடாது.

ஓட்டுப் போட்ட கதையும் இதைப் போன்றதே. 2009 மே 27ஆம் தேதி, யுத்தம் முடிந்து பத்து நாள்கூட ஆவதற்கு முந்தி, ஜெனீவா மனித உரிமைக் கவுன்சிலில் கொழும்புச் சர்க்காருக்கு அனுகூலமான தீர்மானம் 29 ஓட்டுகளால் நிறைவேறிற்று. அந்த 29இல் இந்தியாவின் ஓட்டும் ஒன்று. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை இந்தியா ஆதரித்தது. 2014இலும், 2021இலும், 2022இலும் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக் கொண்டது. டில்லியில் ஒரு கட்சி போய் மறு கட்சி வந்தும் இதுதான் கதை. ஆதரித்ததற்கும் ஒதுங்கியதற்கும் காரணம் வன்னியில் செத்தவர்களா, கடலிலும் துறைமுகத்திலும் உள்ள கணக்குகளா என்பதை வாசகர்களே யூகித்துக் கொள்ளலாம்.

அப்படியானால் விவசாயத் தோழர் சொன்னதுதானே சரி, சட்டம் வெறும் காகிதந்தானே என்று கேட்கலாம். இல்லை என்கிறோம். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் எட்டுத் தமிழர்கள், அதில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, கொல்லப்பட்டார்கள். அதற்காக ஒரு ராணுவ சார்ஜண்டுக்கு 2015இல் கொழும்புக் கோர்ட்டே தண்டனை விதித்தது. 2019இல் மேல் கோர்ட்டும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுதலை செய்துவிட்டார். இதைக் கொண்டே உள்நாட்டு நீதியின் யோக்கியதை உலகத்துக்கு வெளியாயிற்று. சட்டமே இல்லாவிட்டால் அது குற்றமென்றே பேர் பெற்றிராது. 2025 மார்ச்சில் பிரிட்டிஷ் சர்க்கார் இலங்கையின் மூன்று முன்னாள் படைத் தலைவர்கள்மீதும், புலிகளின் தளபதியாயிருந்து பின் சர்க்கார் பக்கம் சேர்ந்த கருணாமீதும் பயணத் தடையும் சொத்துத் தடையும் விதித்தது. காரியம் சிறிதுதான். ஆயினும் இரு தரப்பையும் ஒரே தராசில் வைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் மயானத்து வேலைக்கு மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. கோர்ட்டு உத்தரவின்படி தோண்டத் தோண்ட 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் உண்டு, ஒரு பள்ளிக்கூடப் பையும் ஒரு பொம்மையும் உண்டு. காணாமற்போன தங்கள் மக்களைத் தேடித் தாய்மார்கள் 2017 முதல் வட மாகாணத்து ரோட்டோரங்களில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். கேட்டுக் கொண்டே செத்தவர்களும் உண்டு. அந்தத் தாய்மார்கள் மோட்சத்தைக் கேட்கவில்லை. "என் பிள்ளை எங்கே? கொன்றிருந்தால் யார் கொன்றது?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஓர் உரிமை என்ற பெயரைக் கொடுத்திருப்பது இந்தச் சட்டம். ஆகையால் இதைக் கும்பிடவும் வேண்டாம். குப்பையில் போடவும் வேண்டாம். கையில் எடுத்துக் கொண்டு கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது? ஜெனீவாவில் இருப்பவர்கள் வன்னியம்பட்டிக்கு ஓட்டுக் கேட்டு வருவதில்லை. வருகிறவர்களைக் கேட்க வேண்டும். முதலாவது, முகாம்களில் இருப்பவர்கள் விஷயம். 1951ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. 2019இல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று தேசத்தவரைச் சேர்த்து, இலங்கைத் தமிழரை விட்டுவிட்டது. 2025இல், பழைய அகதிகளைப் பாஸ்போர்ட் இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று ஓர் உத்தரவு போட்டார்கள். தண்டிக்காமலிருப்பது தயவு, பிரஜையாக்குவதுதான் நியாயம். இரண்டாவது, ஜெனீவாவில் இந்தியா ஓட்டுப் போடும் ஒவ்வொரு தடவையும் அதன் காரணத்தைப் பார்லிமெண்டில் சொல்ல வேண்டும். மூன்றாவது, 1987இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு இந்தியா தானே பகிரங்க விசாரணை நடத்த வேண்டும். நான்காவது, இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை என்ற நிலையிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியா சேர வேண்டும். தன்மீது விசாரணை வராத கோர்ட்டைத்தான் பிறருக்குச் சிபாரிசு செய்வேன் என்பவனுக்கு நியாயம் பேச யோக்கியதை இல்லை.

தோழர்களே! அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்காரர் உங்கள் தெருவுக்கு வந்தாலும், "ஈழத் தமிழர் வாழ்க" என்று கோஷம் போடுவதோடு அவரைப் போக விடாதீர்கள். பக்கத்திலுள்ள மொட்டமலையைக் காட்டி இந்த நான்கையும் கேளுங்கள். டீக்கடையில் வாதாடிய தோழர்கள் இருவரும் சேர்ந்தே போய்க் கேட்கட்டும். நியாயம் தானாக வரும் என்று ஒருவரும், வரவே வராது என்று மற்றவரும் உட்கார்ந்திருக்கும் வரையில், வராமற் போவதற்கு அவர்களும் ஒரு காரணமே என்பதை வணக்கத்தோடு தெரிவித்துக் கொள்ளுகிறோம்.